உபயோகப்படாத உபகரணங்கள்

ஆகாய விமானத்தின் முன்முகப்பில் இரு விமானிகள் அமர்ந்து செலுத்துவதற்கென்று அமைந்த அந்தச் சிறிய அறைக்குள் நூற்றுக்கணக்கான முட்களும் விசைகளும் விளக்குகளும் நிறைந்திருந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொரு பிரயாணத்திலும் தம் கடமையைச் செய்கின்றன. செய்யத் தவறினால் அந்தத் தவற்றையும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆனால் அதே அறையில், ஆசனத்தின் பக்கத்திலும் பின்புறச் சுவரிலும் ஜன்னலுக்கு மேலேயும், ஒரு விமானி தம் உத்தியோக காலம் முழுவதிலும் உண்மையான ஆபத்தில் ஒரு முறைகூடக் கையாளாமலே ஓய்வு பெற்றுவிடக்கூடிய சில பொருள்கள் இருக்கின்றன. பிராணவாயு முகமூடி, தீயணைப்பான், கோடரி, புகைக் கவசம், கைவிளக்கு, தீக்காப்புக் கையுறை, மிதவைச் சட்டை, ஜன்னல் வழியே இறங்குவதற்கான கயிறு ஆகியவை அவை. புதிய குழுவினர் விமானத்தில் ஏறியதும், எஞ்சினைப் பற்றியோ வழியைப் பற்றியோ சிந்திப்பதற்கு முன்பாகவே, இந்தப் பொருள்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா, நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பிரயாணிகளில் ஒருவரும் இதைக் காண்பதில்லை. பல சமயங்களில் அவர்கள் இன்னும் நிலையத்தின் கூடத்திலேயே காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருபோதும் உபயோகப்படாத பொருளை இத்தனை முறை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். உபயோகப்படாததனாலேதான் பார்க்க வேண்டும் என்பதே அதற்கு விடை. அன்றாடம் நீர் இறைக்கும் கிணற்றுக் கயிற்றில் ஒரு புரி அற்றாலும் இறைக்கிறவளின் உள்ளங்கை அன்றைக்கே அதை அறிந்துவிடும். பரண்மேல் சுருட்டிக் கிடக்கும் கயிற்றை எலி அறுத்திருந்தாலோ, அது வேண்டியிருக்கிற நாள் வரையில் யாருக்கும் தெரியாது. விமானி அறையிலுள்ள அபாய காலச் சாதனங்கள் அனைத்தும் பரண்மேல் கயிற்றின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் சோதிக்கும் கலை, பொருள் இருக்கிறதா என்று காண்பதோடு நின்றுவிடாமல், அதன் தொழிலைச் சிறிதளவேனும் செய்யவைத்துப் பார்க்கும் கலையாக வளர்ந்ததன் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், முதலில் முகமூடியிலிருந்து தொடங்க வேண்டும்.

முகமூடியின் சரித்திரம் ஆகாய விமானத்தைவிடப் பழமையானது. 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி பாரிஸ் நகரத்தின் லா வில்லெத் எரிவாயுத் தொழிற்சாலையிலிருந்து ‘ஜெனித்’ என்னும் பலூன், காஸ்தோன் திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் என்ற மூவரைச் சுமந்துகொண்டு மேலெழும்பியது. அவர்கள் அறியாமையினால் துணிந்தவர்கள் அல்லர். உயர்ந்த இடங்களில் உடலுக்கு நேரும் துன்பத்துக்குக் காரணம் பிராணவாயுவின் குறைவே என்று பரிசோதனைகளால் நிலைநாட்டிய பால் பேர் என்னும் சரீர சாஸ்திரியின் அழுத்தம் குறைக்கும் அறைக்குள், குரோசே-ஸ்பினெல்லியும் சிவெலும் முந்தின ஆண்டே அமர்ந்து, பிராணவாயுவை உட்கொண்டதும் மயக்கம் தெளிவதைத் தாங்களே அநுபவித்து அறிந்தவர்கள். பலூனிலும் பிராணவாயு நிறைந்த பைகள் தலைக்கு மேலே தொங்கின; அவற்றின் குழாய்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அளவு போதாது என்று பால் பேர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் காலத்தில் வந்து சேரவில்லை. இருப்பதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று மூவரும் எண்ணினார்கள். உயரம் 7,500 மீட்டரை நெருங்கியபோது திசாந்தியே குழாயைப் பற்ற விரும்பினார், கை எழவில்லை. நண்பர்களிடம் உயரத்தைச் சொல்ல முயன்றார், நாக்கு அசையவில்லை. பலூன் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரையில் சென்று தானே கீழிறங்கியபோது அவர் ஒருவரே உயிரோடிருந்தார். அவருடைய செவிப்புலனும் போய்விட்டிருந்தது.

அந்தப் பைகளில் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வாயு இருந்தது, குழாய் இருந்தது, அதன் பயனை அறிந்த அறிவும் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவரும் சில விநாடிகள் மட்டும் கடந்துபோயிருந்தன. இன்றைய விமானி அறையின் முகமூடியை வடிவமைத்தவர்களின் கவலை முழுவதும் அந்தச் சில விநாடிகளைப் பற்றியதே.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச உயரத்துக்குச் சமம் என்பதும், அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட பிராணவாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 160 என்பதும் பள்ளிப் பாடங்களில் வருபவை. ஜெட் விமானங்கள் சாதாரணமாகப் பறக்கும் 35,000 அடி உயரத்தில் மொத்த அழுத்தமே ஏறக்குறைய 180 தான். பிராணவாயுவின் பங்கு நாற்பதைக்கூட எட்டாது. நுரையீரலுக்குள் நிலைமை இன்னும் மோசம். எந்த உயரத்திலும் உடலின் ஈரத்திலிருந்து எழும் நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும், கரியமில வாயுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உடல் முழுவதும் சுற்றி, தன் பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் அசுத்த இரத்தத்திலோ இன்னும் நாற்பது மில்லிமீட்டர் அளவு பிராணவாயு மிச்சமிருக்கும். ஆகவே அந்த உயரத்தில் விமானத்தின் உள்காற்று திடீரென்று வெளியேறிவிட்டால், நுரையீரல் இரத்தத்துக்குப் பிராணவாயுவை வழங்குவதற்குப் பதிலாக, இரத்தத்தில் எஞ்சியிருப்பதையும் உறிஞ்சி ஒவ்வொரு மூச்சிலும் வெளியே தள்ளத் தொடங்கிவிடுகிறது. மூச்சை அடக்கி ஒரு நிமிஷத்துக்கு மேல் நீருக்குள் இருக்கக்கூடிய மனிதன், 35,000 அடியில் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷத்துக்குள் பயனுள்ள எந்தக் காரியத்தையும் செய்யும் சக்தியை இழந்துவிடுவதற்கு இதுவே காரணம். 40,000 அடியில் அந்த அவகாசம் பதினைந்து, இருபது விநாடிகளாகச் சுருங்கிவிடுகிறது.

இதில் கொடியது, அந்த நிலையில் மனிதனுக்கு மூச்சுத் திணறுவதில்லை என்பது. மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை நமக்கு உண்டாக்குவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே ஒழிய, பிராணவாயுவின் குறைவு அன்று. உயரத்தில் கரியமில வாயு தடையின்றி வெளியேறிக்கொண்டிருப்பதால் அபாய மணி ஒலிப்பதே இல்லை. மாறாக, பலருக்கு மனத்தில் ஒரு குதூகலமும், தாம் எல்லாவற்றையும் சரியாகவே செய்துகொண்டிருக்கிறோம் என்ற திருப்தியும் உண்டாகின்றன. விமானி முகமூடியை அணிய வேண்டியது தேவையை உணர்ந்த பிறகு அன்று, உணர்வதற்கு முன்னால்.

இக்காரணங்களால், ஒரே கையால், ஐந்து விநாடிகளுக்குள், பக்கத்தில் இருப்பவர் உதவியின்றி முகத்தில் பொருத்திக்கொள்ளக்கூடியதாக முகமூடி அமைய வேண்டும் என்று அமெரிக்க விமான விதிகள் கட்டளையிடுகின்றன. ஆசனத்தின் பக்கத்திலுள்ள பெட்டியில் அது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியிலுள்ள சிவப்பு நெம்புகளை விரல்களால் நெருக்கிக்கொண்டு இழுத்தால், பெட்டியின் கதவு திறப்பதோடு பிராணவாயுவும் பாயத் தொடங்கும். அதே வாயுவின் அழுத்தத்தால் தலைப்பட்டையின் ரப்பர்க் குழாய்கள் விறைத்து அகல விரியும். விரிந்த பட்டையைத் தலைக்கு மேலாகப் போட்டு நெம்புகளை விட்டவுடன் குழாய்களில் உள்ள வாயு வெளியேற, பட்டை சுருங்கி முகமூடியை முகத்தோடு இறுகப் பிணைத்துவிடும். கண்ணாடி அணிந்தவர் அதைக் கழற்ற வேண்டியதில்லை; பேசுவதற்கான மைக் உள்ளேயே இருக்கிறது. அணிந்ததும் நூறு சதவீதப் பிராணவாயு கிடைக்கிறது. 35,000 அடியில் அது நுரையீரலை ஏறக்குறையக் கடல் மட்டத்தின் நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு நுட்பமான அமைப்பும் ஒரு கை போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருந்தால்தான் பயன்படும். 2018-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி, சீனாவின் சோங்சிங் நகரிலிருந்து லாசாவுக்குப் பறந்த சிச்சுவான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் 319 விமானத்தில் துணை விமானியின் முன்புறக் கண்ணாடி நடுவானில் பெயர்ந்து போயிற்று. துணை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. தலைமை விமானி லியு சுவான்ஜியானுக்கோ, இடது கை விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியில் இருக்க, முகமூடி அதே இடது பக்கத்தின் பின்புறத்தில் இருந்தது. அவர் அதை எடுத்து அணியவே முடியாமல், குளிரிலும் காற்றின் பேரிரைச்சலிலும் விமானத்தைச் செங்டு நகரில் பத்திரமாக இறக்கினார். அவருடைய திறமை போற்றத்தக்கது. எனினும், ஐந்து விநாடி என்ற கணக்கு அமைதியான அறையில் இரு கைகளும் ஓய்ந்திருக்கும் மனிதனை வைத்துச் செய்த கணக்கு என்பதையும் அந்த நாள் காட்டிவிட்டது.

முகமூடியைச் சோதிப்பது எப்படி? அழுத்தமானியைப் பார்த்தால் போதும் என்று முதலில் தோன்றும். நிறைந்த உருளையில் வாயு, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 1,850 பவுண்டு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அது குளிர்ந்தால் அழுத்தமும் குறையும் என்பதால், பனிக்காலக் காலை நேரத்தில் அளவு சிறிதும் குறையாமலே முள் கீழிறங்கி நிற்கும். அதற்கேற்ப வெப்பநிலையையும், அறையில் இருக்கப்போகிறவர்களின் எண்ணிக்கையையும் வைத்துக் குறைந்தபட்ச அழுத்தத்தை நிர்ணயிக்கும் அட்டவணைகள் உண்டு. ஆயினும், முள் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே விமானிக்கு ஒரு வாய் பிராணவாயுவுக்கு மேல் கிடைக்காமல் போகக்கூடும். பராமரிப்பு வேலைக்காக உருளையின் வால்வை மூடிய ஒருவர் அதை மீண்டும் முழுவதும் திறக்க மறந்துவிட்டால், குழாய்களுக்குள் முன்பே அடைபட்ட சிறிதளவு வாயு அதே அழுத்தத்தில் இருந்துகொண்டிருக்கும். மானி அதைத்தான் காட்டும்.

எனவே போயிங் 737 விமானத்தில் இந்தச் சோதனை வேறு விதமாக நடக்கிறது. விமானி பெட்டியின் மேலுள்ள சோதனை விசையை அழுத்திப் பிடிக்கிறார். வாயு ஓட்டத்தைக் காட்டும் சிறு கண்ணில் மஞ்சள் நிறச் சிலுவை ஒரு கணம் தோன்றி மறைகிறது. பிறகு அதைப் பிடித்தவாறே முகமூடியின் அபாய விசையையும் ஐந்து விநாடி அழுத்துகிறார். இப்போது சிலுவை மறையாமல் நிற்கிறது, வாயு தொடர்ந்து பாய்கிறது. அந்த ஐந்து விநாடியும் அவருடைய பார்வை அழுத்தமானியின்மேல் இருக்க வேண்டும். வால்வு முழுவதும் திறந்திருந்தால் அழுத்தம் ஏறக்குறைய நிலையாக இருக்கும். நூறு பவுண்டுக்கு மேல் குறைந்தாலோ, வேகமாகக் குறைந்தாலோ, குறைந்துவிட்டு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறினாலோ, வால்வு மூடியோ பாதி திறந்தோ இருக்கிறது என்று பொருள். ஏர்பஸ் விமானத்தில் இதனோடு செவியும் சேர்ந்துகொள்கிறது: முகமூடிக்குள் இருக்கும் மைக்கின் வழியாக, வாயு பாயும் ஓசை அறையின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும், கேட்டால் வாயுவும் வருகிறது, மைக்கும் வேலை செய்கிறது என்ற இரண்டு உண்மைகளும் ஒரே சமயத்தில் நிச்சயமாகின்றன. ஐந்து விநாடிச் செலவில், நின்றிருக்கும் முள்ளைப் பார்த்து ஒருநாளும் அறிய முடியாத ஒன்றை, ஓடும் வாயுவைக் கொண்டு அறிந்துகொள்ளும் இந்த யுக்தியை நான் விமானக் கலையின் மிக அழகிய சிறு பரிசோதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

சோதனை முடிந்ததும், கலவையைத் தெரிந்தெடுக்கும் விசை நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்த்துக் கதவை மூட வேண்டும். மற்ற நிலையில் முகமூடி அறையின் காற்றையும் கலந்து கொடுக்கும்; வாயுச் சிக்கனத்துக்கு அது நல்லது. ஆனால் அறையில் புகை சூழ்ந்திருந்தால் அந்தக் கலவையில் புகையும் சேர்ந்து வரும். அபாய நேரத்தில் விசையைத் தேடித் திருப்ப வேண்டிய அவசியம் விமானிக்கு நேரக்கூடாது.

இத்தகைய சோதனைகளுக்கு அடிப்படையான தத்துவத்தை, நெடுங்கால அநுபவத்துக்குப் பிறகு, யுனைட்டெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் என்ற இருவர் 1978-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில் தெளிவாக வகுத்தார்கள். பழுதுபட்டால் செலுத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும் கருவிகளை ஒரு பக்கமும், பழுதுபட்டிருப்பது சாதாரண வேலையில் புலப்படவே புலப்படாத கருவிகளை மறுபக்கமும் பிரித்து, இந்த இரண்டாம் இனத்துக்குப் பழுதைத் தடுக்கும் வேலை மட்டும் போதாது, பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் வேண்டும் என்று அவர்கள் கூறினார்கள். அதில் ஒரு எளிய கணிதம் இருக்கிறது. ஒரு கருவி சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓசையின்றிப் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அதைச் சோதித்தால், பழுது எந்த நாளிலும் நேரக்கூடுமாகையால், சராசரியாக அரை ஆண்டு காலம் அது பழுதோடேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதாவது, ஆபத்து வரும் நாளில் அது கைவிட்டுவிடுவதற்கான சாத்தியம் இருபதில் ஒன்று. அதே கருவியை நாள்தோறும் சோதித்தால் பழுது சராசரியாக அரை நாளே மறைந்திருக்கும். சாத்தியம் ஏழாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். கருவியின் தரம் இம்மியும் உயரவில்லை, ஒரு திருகாணிகூட மாறவில்லை. பார்க்கும் இடைவெளி குறைந்ததொன்றே இத்தனை வித்தியாசத்தையும் உண்டாக்கிவிட்டது.

ஆனால் எல்லாப் பொருள்களையும் முகமூடியைப் போல் இயக்கிப் பார்த்துவிட முடியாது. தீயணைப்பானை ஒரு முறை இயக்கினால் அது தீர்ந்துபோகும். அதனால் அங்கே கண்ணே கருவியாகிறது: அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, பூட்டூசி இடத்தில் இருக்கிறதா, அதைக் கட்டிய மெல்லிய கம்பியும் முத்திரையும் அறுபடாமல் இருக்கின்றனவா, காலக்கெடு கடந்துவிடவில்லையா, தாங்கியில் உறுதியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விமானி பார்க்கிறார், எடைபோட்டுப் பார்ப்பது பணிமனையின் வேலை. நெடுங்காலமாக விமானி அறைத் தீயணைப்பானில் நிறைந்திருப்பது ஹாலான் 1211 என்னும் திரவம். அது தீயை நனைத்தோ, மூடியோ மட்டும் அணைப்பதில்லை. சுவாலையின் உள்ளே ஹைட்ரஜன் முதலிய அணுத்துணுக்குகள் ஒன்றையொன்று தூண்டிச் சங்கிலித் தொடராக வினைபுரிந்துகொண்டிருக்கின்றன. ஹாலானிலிருந்து விடுபடும் புரோமின் அந்தத் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு சங்கிலியை அறுத்துவிடுகிறது. சிறிதளவே போதும், மின்கருவிகளுக்கும் சேதமில்லை. ஆயினும், அதே புரோமின் மேல் வாயுமண்டலத்துக்குப் போனால் ஓசோன் படலத்தை அழிப்பதில் குளோரினையும் மிஞ்சுவதால், 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, முன்னேறிய நாடுகளில் ஹாலான் உற்பத்தி 1994 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. பழைய இருப்பைச் சேகரித்துச் சுத்தம் செய்தே விமானங்கள் பல ஆண்டுகளாகக் காலந்தள்ளி வருகின்றன. வாயுமண்டலத்தில் சில நாட்களுக்குள்ளேயே சிதைந்துவிடும் இன்னொரு புரோமின் சேர்மத்தை நிரப்பிய புதிய தீயணைப்பான்கள் இப்போது வந்திருக்கின்றன. எதுவானாலும் அந்தச் சிற்றறைக்குள் அதைப் பீய்ச்சும் முன், விமானிகள் நூறு சதவீதப் பிராணவாயுவோடு முகமூடி அணிந்துகொள்ள வேண்டும் என்பது விதி. ஒரு சாதனத்தின் பயன் இன்னொரு சாதனத்தின் நல்ல நிலையைச் சார்ந்து நிற்கிறது.

கோடரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது கதவை உடைப்பதற்காக என்று பலர் எண்ணுவர். சுவர்த் தகட்டைப் பெயர்த்து, அதன் பின்னால் மறைந்து எரியும் தீயின் மூலத்துக்குத் தீயணைப்பானின் வாயைக் கொண்டுசெல்வது அதன் முக்கியமான வேலை. தகட்டுக்குப் பின்னால் மின்கம்பிகள் ஓடுமாதலால் அதன் பிடி மின்சாரம் பாயாதபடி செய்யப்பட்டிருக்கும். மிதவைச் சட்டை ஆசனத்தை ஒட்டிய உறையில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தால் போதும். கைவிளக்கில், சில வகைகளில், மின்கலம் நன்றாக இருப்பதைத் தெரிவிக்கும் சிறு ஒளி சில விநாடிகளுக்கு ஒரு முறை மின்னிக்கொண்டிருக்கும்.

புகைக் கவசம் சற்று ஊன்றி நோக்கத்தக்கது. தலை முழுவதையும் மூடும் அந்த முக்காட்டை அணிந்து, ஆசனத்தை விட்டு எழுந்து, தீயை நெருங்கிப் போராட வேண்டியவர் குறைந்தது பதினைந்து நிமிஷம் சுவாசிக்கும்படி அது அமைய வேண்டும். சிலவற்றில் பொட்டாசியம் சூப்பராக்சைடு என்னும் ரசாயனம் இருக்கிறது; அணிந்தவர் விடும் மூச்சிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அது பிராணவாயுவை வெளியிடுகிறது, கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்கிறது. மனிதன் கழித்த மூச்சே அவனுக்கு வேண்டிய மூச்சைப் பிறப்பிக்கிறது என்பது வியக்கத்தக்க ஏற்பாடு. ஆனால் உறையில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும், காற்றிலுள்ள ஈரமே அந்த ரசாயனத்தை மெல்ல மெல்லத் தின்று தீர்த்துவிடும். பிறகு எஞ்சியிருப்பது வெறும் முக்காடு. உறையின் முத்திரையையும், ஈரம் நுழைந்தால் நிறம் மாறும் அடையாளத்தையும் விமானிகள் பார்ப்பது இதற்காகவே.

இறங்கு கயிறு ஜன்னலுக்கு மேலுள்ள சிறு அறையில் சுருண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனை விமானத்தின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. போயிங் 787-இல் விமானி அறையின் ஜன்னல்கள் திறப்பதில்லை. அங்கே கூரையில் ஒரு திறப்பும், இறங்குகிறவரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கயிற்றுச் சுருளைகளும் உண்டு. ஜன்னல் வழி தப்பிப்பது நடக்கவே நடக்காத நிகழ்ச்சி அன்று. 1983-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, தீப்பிடித்த ஏர் கனடா டிசி-9 விமானம் சின்சினாட்டி நிலையத்தில் இறங்கி நின்றபோது, அதன் இரு விமானிகளும் ஜன்னல் வழியாகவே வெளியேறினார்கள். பிரயாணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் புகைக்கும் தீக்கும் பலியாயினர்.

2008-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது வேறொரு விதத்தில் மனத்தை உறுத்துவது. புறப்படவிருந்த ஏபிஎக்ஸ் ஏர் சரக்கு விமானத்தில் விமானி அறைக்குப் பின்னால் திடீரென்று தீப்பற்றியது. இரு விமானிகளும் ஜன்னல் வழியாக இறங்கிக் காயமின்றித் தப்பினார்கள். விசாரணையில் தெரிந்தது, தீயை வளர்த்தது பிராணவாயு அமைப்பே என்பது. மடங்காமல் இருப்பதற்காக நெகிழ்குழாய்களுக்குள் வைத்திருந்த உலோகச் சுருள்வில்லில் எங்கிருந்தோ மின்சாரம் கசிந்து பாய, அது பழுக்கக் காய்ந்து குழாயைக் கொளுத்தி, உள்ளே ஓடிய பிராணவாயு தீக்கு ஊட்டமாகிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2011 ஜூலை 29-ஆம் தேதி, கெய்ரோ நிலையத்தில் ஜெட்டாவுக்குப் புறப்படக் காத்திருந்த எகிப்து ஏர் போயிங் 777 விமானத்தில் துணை விமானியின் ஆசனத்தருகே, முகமூடிக்குப் பிராணவாயு வரும் இடத்தில், தீ வெடித்தெழுந்தது. தலைமை விமானி தீயணைப்பானைப் பிரயோகித்தும் அது அடங்கவில்லை. பிரயாணிகள் அனைவரும் வெளியேறிவிட்டனர் என்பதே அதிர்ஷ்டம். மின்சாரம் பாயாத குழாய்களைப் பொருத்த வேண்டும் என்ற கட்டளை இவற்றுக்குப் பின் விரிவடைந்தது. காப்பதற்காக வைத்த பொருளே கொல்லவும் கூடும் என்பதை வடிவமைப்பாளர்கள் மறக்கக்கூடாது. விமானியின் ஐந்து விநாடிச் சோதனையால் அந்தச் சுருள்வில்லைக் கண்டிருக்க முடியாது.

சோதிக்கும் மனிதனின் கவனமும் ஒரு கருவியே. அதற்கும் மறைந்த பழுது உண்டு. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, ஓஹாயோ மாநிலத்தின் ரைட் ஃபீல்ட் தளத்தில் போயிங்கின் மாடல் 299 விமானம், வால் பகுதியின் பூட்டை விடுவிக்க மறந்ததனால் எழும்பியவுடனே விழுந்து நொறுங்கியதிலிருந்து, நினைவை நம்பாமல் எழுத்துப் பட்டியலை நம்பும் வழக்கம் வேரூன்றியது. பட்டியல் மறதிக்கு மருந்து. பழக்கத்துக்கு அது மருந்தாகாது. நூறு நாள் சரியாக இருந்த விசையைப் பார்க்கும் கண், நூற்றோராவது நாள் அந்த விசையைக் காண்பதற்குப் பதிலாகத் தன் எதிர்பார்ப்பையே கண்டுவிட்டுத் திரும்பிவிடும். 2005 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சைப்ரஸின் லார்னகாவிலிருந்து புறப்பட்ட ஹீலியோஸ் ஏர்வேஸ் போயிங் 737 விமானத்தில், பராமரிப்புக்காரர் கதவுக் கசிவைச் சோதித்தபோது அழுத்தக் கட்டுப்பாட்டு விசையைக் கைமுறைக்குத் திருப்பி அப்படியே விட்டிருந்தார். புறப்படுவதற்கு முந்திய ஆயத்தத்திலும், எஞ்சினை இயக்குவதற்கு முந்திய பட்டியலிலும், மேலெழும்பிய பின் படிக்கும் பட்டியலிலும் அந்த விசை பார்வைக்கு வந்தது. மூன்று முறையும் அது யார் கண்ணிலும் படவில்லை. உள்ளழுத்தம் குறைந்தபோது ஒலித்த எச்சரிக்கை, தரையில் வேறொரு காரணத்துக்காக ஒலிக்கும் அதே ஓசையாக இருந்ததால் விமானிகள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். முகமூடிகள் பக்கத்திலேயே இருந்தன. அவர்கள் அவற்றை அணியவில்லை. 121 பேரைச் சுமந்த அந்த விமானம், செலுத்துகிறவர் இன்றித் தானே பறந்து ஏதென்ஸுக்கு அருகே மலையில் மோதியது; ஒருவரும் பிழைக்கவில்லை.

இதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள், பொருளைக் கண்ணால் பார்ப்பதோடு கையாலும் தொடும்படி விமானிகளைப் பழக்குகிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே ரக விமானங்களிலும் வாங்கிய காலத்தையொட்டிக் கோடரியும் புகைக் கவசமும் வெவ்வேறு இடங்களில் இருக்கக்கூடும். நேற்றைய விமானத்தில் வலப்பக்கம் இருந்தது இன்று இடப்பக்கம் இருக்கலாம். புகை சூழ்ந்த அறையில் தேடப்போவது கண் அன்று, கை. ஆகவே கைக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

புகை எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பதை 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் காட்டியது. சரக்கிலிருந்த லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றி, சில நிமிஷங்களில் விமானி அறையைப் புகை நிறைத்தது. முகமூடி அணிந்திருந்த இருவராலும் எதிரே இருந்த மானிகளையே காண முடியவில்லை. ரேடியோவின் அலைவரிசையை மாற்றவும் வழியின்றி, மற்ற விமானங்களின் மூலமாகத் தரையோடு பேச வேண்டியதாயிற்று. தீயின் வெப்பம் பிராணவாயுக் குழாயைத் தாக்க, தலைமை விமானியின் முகமூடியில் வாயு நின்றுபோயிற்று. வேறு பிராணவாயுவைத் தேடி ஆசனத்தை விட்டு எழுந்த அவர் திரும்பி வரவில்லை. தனித்துப் போராடிய துணை விமானியும் விமானத்தோடு மாண்டார். புறப்படுவதற்கு முன் அந்த முகமூடியை எவ்வளவு ஒழுங்காகச் சோதித்திருந்தாலும் இந்த முடிவு மாறியிராது. சோதனை காக்கக்கூடியதற்கும், வடிவமைப்பும் சரக்கு விதிகளும் காக்க வேண்டியதற்கும் இடையே உள்ள எல்லை இங்கே தெரிகிறது.

பின்னர் அந்த நிறுவனம் தன் விமானங்களில், கண்ணையும் மூக்கையும் வாயையும் ஒருசேர மூடி விரைவில் அணியக்கூடிய முழுமுக முகமூடிகளைப் பொருத்தியது. அவற்றோடு, விமானியின் முகத்துக்கும் மானிகளுக்கும் நடுவே விரியும் ஒளி ஊடுருவும் பை ஒன்றையும் வைத்தது. சிறு மின்விசிறி வடிகட்டிய காற்றை அதற்குள் நிரப்ப, அறை முழுவதும் புகை மண்டியிருந்தாலும், பையின் ஒரு பக்கத்தில் முகத்தை ஒட்டிக்கொண்ட விமானிக்கு மறுபக்கத்தில் மானிகளின் முட்களும், கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் தெளிவாகத் தெரியும். அதுவும் ஒரு பெட்டிக்குள் மடங்கி, மின்கலத்தை நம்பி, வருஷக்கணக்கில் உபயோகமின்றிக் கிடக்கப்போகும் பொருளே. ஆதலால் விமானிகள் ஏறியதும் பார்க்க வேண்டிய பொருள்களின் வரிசையில் அதுவும் இடம்பெற்றுவிட்டது.